பிடிமண்ணுக்காக இரண்டு சஃபாரி

துபாயில் பாலைவனத்தைப் பார்க்கவும் இரண்டு வகுப்பு உண்டு என்பது, நான் ஷார்ஜா போய்ச் சேர்ந்த மறுநாள்தான் தெரிந்தது. நம் ஊரில் சாதா பஸ், சொகுசு பஸ் என்று ஓடுவதுபோல அங்கே சாதா சஃபாரி, பிரீமியம் சஃபாரி. முப்பது வருஷம் கோவில்பட்டி டிப்போவில் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான். ஒரே ரோட்டில், ஒரே குண்டு குழியில் போகிற வண்டிகளுக்கு ரெண்டு விதமாக டிக்கெட் கிழித்தவன். அதனால் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, எரிச்சல்தான் வந்தது.

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தங்கச்சி முத்துலட்சுமிக்கு ஒரே மகன், மாரியப்பன். வெளிநாட்டுக்காரர்களைப் பாலைவனத்துக்குக் கூட்டிப் போகிறவர்கள் மணலுக்கு நடுவே கூடாரம் அடித்து ஒரு கேம்ப் வைத்திருப்பார்கள். அப்படி ஒரு கேம்பில் ஜெனரேட்டரும் விளக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் மத்தியானம் டீசல் ஏற்றிக்கொண்டு போன பிக்கப் வண்டி மணல் சரிவில் உருண்டுவிட்டது. இருபத்தாறு வயசு. பெட்டியில் வந்தவனுக்கு நான்தான் முன்னால் நின்று எல்லாக் காரியமும் செய்தேன். அதற்கு எட்டு மாசம் கழித்துத்தான் இந்தப் பயணம்.

"உடம்பு வந்துச்சுண்ணே. அவன் வரல" என்றாள் தங்கச்சி. ஒரு தரம் அல்ல, நூறு தரம். எட்டு மாசமாக வாசல் கதவைத் தாழ் போடாமல்தான் படுத்தாள். கேட்டால், வந்து தட்டினால் எனக்குக் கேட்காமல் போய்விடுமே என்பாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரில் துர்மரணமாகப் போனவனைத் தாய்மாமன் போய்க் கூட்டி வர வேண்டும். உயிர் போன இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, எலுமிச்சம்பழம் ஒன்று வைத்து, மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அங்கே ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எடுத்துவிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவன் அங்கேயே நின்றுவிடுவான். பிடிமண் எடுக்க எங்கள் ஆட்கள் சாத்தூருக்குப் போயிருக்கிறார்கள், மதுரைக்குப் போயிருக்கிறார்கள். கடல் தாண்டிப் போனவன் நான் ஒருத்தன்தான். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தத் திறந்த கதவை என்னால் பார்க்க முடியவில்லை.

என்னை விசிட் விசாவில் வரவழைத்தவன் எங்கள் தெருக் கணேசன். ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். மாரிக்கு விசா எடுத்துக் கொடுத்துக் கூட்டிப் போனவனும் அவன்தான். துபாய் ஏர்போர்ட்டில் என்னைப் பார்த்ததும் பையை வாங்கிக்கொண்டான். வழியெல்லாம் மெட்ரோ ரயிலுக்காகத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ரயில்தான் இன்னும் வரவில்லை. நம் ஊரில் முதலில் கல்வெட்டு வைப்பார்கள், தூண் பிறகு எப்போதாவது வரும்.

அவன் ரூமில் எட்டுப் பேர். இரண்டடுக்குக் கட்டில்கள். மறுநாள் ராத்திரிச் சமையல் முறை திருச்செந்தூர் பக்கத்துத் தம்பி ஒருவனுடையது. குப்பூஸ் என்று அரபு ரொட்டி, தொட்டுக்கொள்ளப் பருப்பு. சுடச்சுட நன்றாகத்தான் இருந்தது. ஆறினால் ரெக்சின் சீட்டைக் கடிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

சாப்பிட்டபடியே எந்த சஃபாரி என்று வாக்குவாதம் தொடங்கியது. தட்டில் கை காய்கிற வரைக்கும் போனது. மாரி வேலை பார்த்தது சாதா சஃபாரி கேம்பில். அதற்குப் போனால் ஒரு வண்டியில் ஆறு பேர், நெரிசல், பாட்டு, இடுப்பாட்டம், வரிசையில் நின்று சாப்பாடு. பிரீமியத்தில் நாலு மடங்கு விலை, ஆனால் அமைதி.

"அண்ணாச்சி, செத்தவனக் கூப்பிடப் போறீக. டொம் டொம்னு பாட்டுப் போட்டு ஆடுற எடத்துலயா நின்னு கூப்பிடுவீக?" என்றான் கணேசன். "பிரீமியத்துலயே போவோம். செலவு என்னோடது. எங்க நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவாங்களாம், ஆபீஸ்ல கேட்டுட்டேன்."

"அவன் இருந்த எடத்துக்குப் போவாங்களாடே?"

"பாலைவனம் ஒண்ணுதான அண்ணாச்சி."

அந்த இடத்தில் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். கோவில்பட்டியும் கயத்தாறும் ஒரே கரிசல்தான், அதற்காகக் கயத்தாறில் இறங்க வேண்டியவனைக் கோவில்பட்டியிலேயே இறக்கி விடுவேனா? ஆனால் மரியாதை என்று ஒன்றைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குப் புத்தி மழுங்கிப் போய்விடும். சாவுக்கு மரியாதை, தாய்மாமனுக்கு மரியாதை. சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை, கணேசனுக்கு லீவு. காலையிலிருந்து நான் விரதம், பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. மஞ்சள் துணியும் எலுமிச்சம்பழமும் சட்டைப் பையில் இருந்தன. வந்த வண்டி பளபளவென்று இருந்தது. உள்ளே தோல் இருக்கை, குளிர்ந்த துண்டு, பன்னீர் வாசனை. ஷார்ஜா ரோட்டு நெரிசலில் அந்த வண்டியும் ஒன்றேகால் மணி நேரம் அசையாமல் நின்றது. அதில் மட்டும் சாதாவுக்கும் பிரீமியத்துக்கும் பேதமே கிடையாது.

வண்டி ஓட்டி வந்த வழிகாட்டி ஒரு கென்யாக்காரர். எங்களோடு வயசான ஜெர்மன் தம்பதி. வழிகாட்டி மெதுவாக ஓட்டினார், மெதுவாகப் பேசினார். வெள்ளை நிறத்தில் நீளக் கொம்பு மான்கள் நிற்பதைக் காட்டினார். அந்த ஜெர்மன் அம்மா தன் கணவரிடம் சொன்னதைக் கணேசன் வழிகாட்டியிடம் கேட்டு எனக்குச் சொன்னான். "எவ்வளவு சுத்தம் பார், ஒரு மனிதன் காலடி கூடப் படவில்லை" என்றாளாம். காலடியே படாத இடத்தில் என் மருமகனுக்கு என்ன வேலை?

இறங்கினோம். பேச்சு மூச்சு இல்லாத மணல். கூப்பிட்டால் நாலு மைல் கேட்கும். கணேசன் அந்த வழிகாட்டியிடம் விஷயத்தைச் சொல்ல, அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுசும் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். இது அரசாங்கம் வேலி போட்டுக் காக்கிற இடம். ஒரு கல், ஒரு பிடி மணல் எடுத்தாலும் குற்றம். அதோடு நீங்கள் சொல்கிற கேம்ப் இந்தப் பக்கமே இல்லை, வேறு ரோட்டில் எங்கேயோ இருக்கிறது. "என்னை மன்னித்துவிடுங்கள்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனுஷன் பேரில் ஒரு குறையும் இல்லை.

குழியில் வைத்து வேகவைத்த ஆட்டுக்கறி, பேரீச்சம்பழம், குங்குமப்பூ போட்ட காப்பி என்று விரித்து வைத்தார்கள். நான் தொடவில்லை. கணேசனும் தொடவில்லை. திரும்பி வந்து ரூம் மாடிப்படியில் ஏறும்போது வெடித்துவிட்டேன்.

"ஏல, தெரிஞ்சுதான கூட்டிட்டுப் போன? எம் மருமகனத் தேடி வந்தவனுக்கு மானக் காட்டுதியா?"

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "தெரியும் அண்ணாச்சி. அந்தக் கேம்ப நீங்க பாக்க வேண்டாம்னுதான். அங்க தெனமும் கூத்தும் கும்மாளமுமா இருக்கும். இதுக்கா எம் புள்ளயக் கூட்டிட்டு வந்து கொன்னன்னு கேட்டுருவீகளோன்னு பயம். எட்டு மாசமா நானே அந்தப் பக்கம் போகல." சொல்லிவிட்டு அழுதான். முப்பத்தெட்டு வயசு ஆள், எதிர் ரூம்காரர்கள் வந்து நின்று பார்க்கிறார்கள். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அவன் தோளைத் தட்டி, "எந்திடே, சாதாவுலயே போவோம்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தான். அன்றைக்கும் நான் விரதம். இந்தத் தடவை வந்தது பழைய லேண்ட் குரூசர். டிரைவர் ரஹீம் கான், பாகிஸ்தானில் பெஷாவர் பக்கத்துப் பட்டாணி. நாற்பது வயசிருக்கும். எங்களோடு பிலிப்பைன்ஸ் பெண்கள் இரண்டு பேர், புதுசாகக் கல்யாணமான குஜராத்தி ஜோடி ஒன்று. கண்டக்டர் புத்தி போகுமா, ஏறினதும் தலையை எண்ணினேன். டிரைவரைச் சேர்த்து ஏழு.

தார் ரோடு முடிகிற இடத்தில் நிறுத்தி நாலு டயரிலும் காற்றைக் குறைத்தார்கள். எங்கள் டிப்போவில் யாராவது அப்படிச் செய்தால் மெமோ கொடுப்பார்கள். இங்கே மணலில் புதையாமல் ஓட அதுதான் வழியாம். பிறகு அந்த மனுஷன் வண்டியை மேட்டில் ஏற்றுவதும் பக்கவாட்டில் சரிப்பதுமாக ஒரு ஓட்டு ஓட்டினார் பாருங்கள், குற்றால சீசன் கூட்டத்தில் ஃபுட்போர்டில் தொங்கின எனக்கே குடல் தொண்டைக்கு வந்தது. பிலிப்பைன்ஸ் பெண்கள் வீறிட்டுக் கத்திச் சிரித்தார்கள். ஒவ்வொரு சரிவிலும் எனக்கு மாரி ஞாபகம்தான். இப்படித்தான் சாய்ந்திருக்கும், இப்படித்தான் எதையாவது பிடித்திருப்பான். கம்பியைப் பிடித்த கை எனக்கு மரத்துப் போனது.

குஜராத்திப் பெண் வாந்தி எடுத்தாள். புருஷன்காரன் பேந்தப் பேந்த விழித்தான். என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி அவள் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டது. பஸ்ஸில் முப்பது வருஷப் பழக்கம். அவள் மோந்து பார்த்துக் கொஞ்சம் தெளிந்த பிறகுதான் ஐயையோ என்றிருந்தது. பழம் மாரிக்கு வைத்திருந்தது.

கொஞ்ச தூரத்தில் வண்டி மணலில் வயிறு தட்டி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினோம். ரஹீம் கான் கையாலேயே மணலை வழித்துத் தள்ளினார். நான் பின்னால் போய் நின்று, "ரைட், ரைட், கொஞ்சம் லெஃப்ட் ஒடி, போலாம் ரைட்" என்று பாடியில் தட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தத் தட்டு எந்த டிரைவருக்கும் தெரியும். வண்டி வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "நீங்கள் பஸ் லைனில் வேலை பார்த்தவரா?" என்று இந்தியில் கேட்டார். கணேசன் ஆமாம் என்று சொல்லி, அப்படியே எதற்காக வந்திருக்கிறோம் என்பதையும் சொன்னான்.

ரஹீம் கான் மணலைத் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "பிஜ்லி வேலை பார்த்த மாரியா?" என்றார். பிஜ்லி என்றால் கரண்ட். "அவனை வண்டிக்கு அடியிலிருந்து வெளியே எடுத்தது நான்தான்." அதற்குப் பிறகு அவர் வண்டியை மணலில் குதிக்க விடவில்லை, மேடுகளைச் சுற்றிக்கொண்டே ஓட்டினார். பிலிப்பைன்ஸ் பெண்கள், "என்ன, அவ்வளவுதானா?" என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

கேம்ப் கணேசன் சொன்ன மாதிரியேதான் இருந்தது. டொம் டொம் என்று பாட்டு. ஒட்டகத்தில் ஏறி இறங்கும் கூட்டம். மருதாணி வைக்க ஒரு வரிசை, ஹுக்கா பிடிக்க ஒரு வரிசை. மேலே கூடாரத்துக்குக் கூடாரம் சரம் சரமாகச் சின்ன விளக்குகள் தொங்கின, இன்னும் எரியவில்லை. ரஹீம் கான் போய்ச் சொன்னதும் சாப்பாட்டுக் கூடாரத்திலிருந்து கரண்டியோடு ஒருவன் ஓடி வந்தான். சேகர், ராமநாதபுரத்துக்காரன், சமையல்காரன். மாரியோடு போர்ட்டா கேபின் என்கிற ஒரே தகர ரூமில் மூன்று வருஷம் இருந்தவன்.

"மாமாவா? கோவில்பட்டி மாமாவா?" என்றான். "மாரி சொல்லுவான். எங்க மாமா விசிலடிச்சா பஸ்ஸு மட்டுமில்ல, ஊரே நிக்கும்னு." மேலே கையைக் காட்டினான். "இந்த லைட்டு பூராவும் அவன் கட்டுனதுதான் மாமா. அதுக்கப்புறம் யாரும் அவுக்கல."

அண்ணாந்து பார்த்தேன். எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு மாரி சீரியல் செட் போடும்போது முடிச்சுக்கு முடிச்சு ஒரு சாண் விடுவான். அதே ஒரு சாண். கணேசன் எதைக் காட்டக் கூடாது என்று நாலு மடங்கு செலவு பண்ணினானோ, என் பிள்ளை அந்த இடத்தைத்தான் தினமும் சாயங்காலம் அழகு பண்ணி வைத்திருந்தான்.

சேகர் அடுப்பை இன்னொருத்தனிடம் விட்டுவிட்டு, சாலட்டுக்கு வைத்திருந்த எலுமிச்சையில் நல்லதாக ஒன்று பொறுக்கிக்கொண்டு வந்தான். எங்கள் மூன்று பேரையும் ரஹீம் கான் வண்டியில் ஏற்றிப் பத்து நிமிஷ தூரம் கூட்டிப் போனார். பாட்டுச் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. ஒரு மரம் தனியாக நின்றது. வன்னி. கோயிலில் தலவிருட்சமாக நிற்கிற அதே வன்னி, இங்கே வெறும் மணலில்.

"வண்டி உருண்ட மேடு இப்போது இல்லை" என்றார் ரஹீம் கான். "காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. இங்கே மேடுகள் நடந்துகொண்டே இருக்கும். மரம்தான் போகாது. ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் இந்த நிழலில்தான் படுக்க வைத்திருந்தோம். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். குடித்துவிட்டுத்தான் போனான்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் வந்திருக்கலாம். விக்கிச் சாகவில்லை, தாகத்தோடு போகவில்லை. அதைத் தங்கச்சியிடம் எப்படிச் சொல்வது என்று மனசு அப்போதே ஒத்திகை பார்த்தது.

செருப்பைக் கழற்றினேன். பழத்தை மரத்தடியில் வைத்தேன். மூன்று பேரும் தள்ளி நின்றார்கள். "மாரியப்பா, வா வீட்டுக்குப் போவோம்." முதல் தரம் எனக்கே கேட்காத மாதிரி கூப்பிட்டேன். இரண்டாம் தரம் கொஞ்சம் சத்தமாக. மூன்றாம் தரம் டிப்போவில் கூப்பிடுகிற குரலிலேயே கூப்பிட்டேன். ஒரு பிடி மண்ணை அள்ளி மஞ்சள் துணியில் முடிந்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

"மாமா!"

மாரி அப்படித்தான் கூப்பிடுவான். திரும்பிவிட்டேன்.

சேகர் ஓடி வந்துகொண்டிருந்தான். அவன் கையில் என் செருப்பு. "விட்டுட்டுப் போறீகளே மாமா, மணல்ல முள்ளு கெடக்கு." என் முகத்தைப் பார்த்ததும் என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ராமநாதபுரத்திலும் அந்த வழக்கம் உண்டு. அங்கேயே மண்டி போட்டு, "அய்யோ மாமா" என்று வாயில் அடித்துக்கொண்டான். ரஹீம் கானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சேகரைத் தூக்கி நிறுத்திச் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு அவன் கையால் ஆக்கிய சோறும் கோழியும் தட்டில் வந்தன. விரதம் முடிந்தது என்று கொஞ்சம் சாப்பிட்டேன். தலைக்கு மேல் மாரியின் விளக்குகள் எரிந்தன. குஜராத்திப் பெண் வந்து இரண்டு கையும் கூப்பிவிட்டுப் போனாள்.

திரும்புகிற வழியில் ஏர்போர்ட்டில் முடிச்சை அவிழ்க்கச் சொன்னார்கள். மண் என்றேன். அந்த அதிகாரி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்துவிட்டு, தானே திரும்ப முடிந்து கொடுத்தார். விமானத்தில் நாலு மணி நேரமும் ஒரே யோசனை. திரும்பிப் பார்த்தாயா என்று தங்கச்சி கேட்பாள். இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. முப்பது வருஷத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர்களிடம் சொல்லாத பொய்யா?

வீட்டுக்குப் போகும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கதவு திறந்துதான் கிடந்தது. அவள் வாசல்படியில் நின்றாள். அவன் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதை முதலில் சொன்னேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு, "திரும்பிப் பாத்தியாண்ணே?" என்றாள்.

சொல்ல வந்த பொய் வாயில் வரவில்லை. "பாத்துட்டேன் தாயி."

அவள் தலைப்பை விட்டுவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "அங்க யாரு நின்னா?"

"அவன்கூட ஒரே ரூம்ல இருந்த பையன். மாமான்னு கூப்பிட்டான். நான் செருப்ப விட்டுட்டு வந்துட்டேன். முள்ளு குத்தும்னு கையில தூக்கிட்டு ஓடியாந்தான்."

"ஒஞ் செருப்பக் கையில தூக்கிட்டா?"

"ஆமா."

"மாரியும் அதத்தான் செஞ்சிருப்பான்" என்றாள். இரண்டு கையையும் நீட்டி முடிச்சை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"காலக் கழுவிட்டு உள்ள வாங்க, ரெண்டு பேரும்."

அன்றைக்குக் கதவைத் தாழ் போட்டது அவள்தான்.